பேய் வீட்டைச் சோதிக்க ஒரு நோட்டும் கொஞ்சம் கோலப்பொடியும் போதும்

பேய் உண்டா, இல்லையா என்று மொட்டையாகக் கேட்டால் என் பதில் சுருக்கமானது: இல்லை என்றே நினைக்கிறேன். லண்டனில் ஆவி ஆராய்ச்சிக்கென்றே 1882இல் தொடங்கிய சங்கம் இன்றும் நடக்கிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணர், அமானுஷ்ய சக்தியை நிரூபிப்பவருக்குத் தருவதாக 1964இல் ஆயிரம் டாலரில் ஆரம்பித்துப் பிற்பாடு பத்து லட்சம் டாலராக உயர்ந்த பந்தயத்தை, 2015இல் அது மூடப்படும்வரை ஒருவரும் வெல்லவில்லை. இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் இதேபோல் 1963இல் அறிவித்த ஒரு லட்ச ரூபாயும் அப்படியே கிடந்தது. ஆனால் இந்தப் பதிலால் பெரிய பயன் எதுவும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மச்சில் யாரோ நடக்கிறார்கள் என்று பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் ராண்டியின் பந்தயத்தைச் சொன்னால் சத்தம் நின்றுவிடாது. அவர்கள் காதில் விழுந்தது நிஜம். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. அதற்கு வீடு வீடாகத்தான் விடை தேட வேண்டும்.

தேடலுக்கு ஒரு வரிசை உண்டு. ஆளைக் கொல்லக்கூடிய காரணங்களை முதலில் பார்த்துக் கழிக்க வேண்டும். அடுத்தது தூக்கம். பிறகு கூரை, குழாய், விலங்குகள். அதற்கும் பிறகு மனிதர்கள். பேய் வேட்டைக்காரர்கள் யூடியூபில் தூக்கிக்கொண்டு அலையும் மின்னணுக் கருவிகளுக்கு இந்த வரிசையில் இடமே கிடையாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோட்டு வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, என்ன கேட்டது, எங்கே நின்று கேட்டார்கள், மணி என்ன, யார் யார் விழித்திருந்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். "பேய்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. "வெள்ளைப் புடவையா கட்டியிருந்தாங்க?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். எல்லோரையும் கூடத்தில் சேர்த்துவைத்துக் கேட்பது மிகப் பெரிய தப்பு. ஒருவர் சொல்வது அடுத்தவர் ஞாபகத்தில் கலந்துவிடும். ஒரு வாரம் கூடிப் பேசினால் போதும், தாத்தா கேட்ட கதவுச் சத்தமும் பேத்தி பார்த்த நிழலும் சேர்ந்து கொலுசு போட்ட ஒரு பெண்ணாகிவிடும். அதன் பிறகு எதையும் பிரித்தெடுக்க முடியாது.

கேட்டு முடித்த பிறகு அந்த நோட்டை அவர்களிடமே கொடுத்து இரண்டு வாரம் எழுதச் சொல்லுங்கள். தேதி, மணி, இடம், என்ன நடந்தது, கரண்ட் இருந்ததா, மோட்டார் ஓடியதா, பகலில் வெயிலா மழையா. மணியைச் சுவர்க் கடிகாரம் பார்த்து எழுத வேண்டும். "நடு ராத்திரி" என்பது மணி ஆகாது. ஒன்றும் நடக்காத இரவுகளையும் கட்டாயம் எழுத வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சும்மா இருந்த இரவுகளின் கணக்கு இல்லாவிட்டால் "அமாவாசைக்கு அமாவாசை வருது" என்ற பேச்சை உறுதிசெய்யவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இப்போது கொல்லக்கூடியவை. 1921இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார். பழைய வீடொன்றுக்குக் குடிபோன பிறகு ஆளில்லாத அறைகளில் காலடிச் சத்தம், படுக்கையருகே யாரோ நிற்பது, எல்லோருக்கும் தலைவலி, குழந்தைகள் முகம் வெளுத்துப்போவது, வீட்டுச் செடிகள் வாடுவது. வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகைபோக்கி வழியே வெளியேற வேண்டிய கார்பன் மோனாக்சைடு அறைகளுக்குள் கசிந்திருக்கிறது. உலையைச் சரிசெய்ததும் எல்லாம் நின்றுபோனது. நம் சமவெளி வீடுகளில் காற்றோட்டம் அதிகம் என்பதால் இது அபூர்வம்தான். ஆனால் ஜன்னல் சாத்திய குளியலறையில் கேஸ் கீசர், வராந்தாவில் ஓடும் ஜெனரேட்டர், ஊட்டி கொடைக்கானல் குளிரில் அறைக்குள் வைக்கும் கரியடுப்பு என்ற மூன்றில் ஒன்று இருந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். காற்றின் பத்து லட்சம் பங்கில் இந்த வாயு 200 பங்கு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலியும் சோர்வும் வரும். 800 பங்கு என்றால் முக்கால் மணியில் தலை சுற்றும், மூன்று மணி நேரத்துக்குள் உயிரே போகலாம். நிறமில்லை, வாசனையில்லை. வீட்டுக்குள் இருக்கும்போது எல்லோருக்கும் தலைவலி, வெளியூர் போனால் சரியாகிவிடுகிறது என்பதுதான் அடையாளம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கும் உயரத்தில் மாட்டுங்கள். சமையல் கேஸ் கசிவுக்கு விற்கும் அலாரம் இதைக் கண்டுபிடிக்காது. பலர் அதை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

இரண்டாவது ஆபத்து மின்கசிவு. "குளியலறைச் சுவரில் கை வைத்தால் சிலிர்க்குது", "பிரிட்ஜ் பக்கம் போனா யாரோ தொடுற மாதிரி இருக்கு" என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெயின் போர்டில், கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அன்றைக்கே போடச் சொல்லுங்கள். அணைத்த பல்பு ராத்திரியில் மினுக்மினுக்கென்று எரிவதும் இதே குடும்பம். ஸ்விட்சில் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியே போகும் மிகச் சிறிய மின்னோட்டம் எல்இடி பல்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும். நிரம்பியதும் ஒரு மினுக்கு, பிறகு மறுபடி நிரம்பும். இண்டிகேட்டர் இல்லாமலே மினுக்கினால் ஸ்விட்சை பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டுவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். ஸ்விட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் அதுதான் கோளாறு. அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பு மாற்றுகிறவரை அது தூக்கி எறியும். வயர்லெஸ் காலிங்பெல் தானாக அடிப்பது, பக்கத்து வீட்டு ரிமோட்டும் அதே அலைவரிசையில் இருப்பதால். பட்டனில் மழைநீர் இறங்கினாலும் அடிக்கும்.

அடுத்தது தூக்கம். என் கணிப்பில் "நானே கண்ணால பார்த்தேன்" என்று ஆள் அடித்துச் சொல்லும் கதைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. அமுக்குவான் பேய் என்று ஊரில் சொல்வது இதைத்தான். கனவு வரும் தூக்கக் கட்டத்தில், கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடலின் தசைகளைக் கட்டிப்போட்டுவிடும். கண்ணும், மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் இயங்கும். சில சமயம் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. கண் திறந்திருக்கிறது, அறை தெரிகிறது, கை கால் அசையவில்லை. ஆழமாக மூச்சிழுக்கப் பார்த்தால் முடியவில்லை, அதனால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. பாதி மூளை இன்னும் கனவிலேயே இருப்பதால் வாசலில் ஓர் உருவம், காதருகே பேச்சு, போர்வையை இழுக்கும் கை. சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடம் வரை நீடிக்கும். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் கிழவி வந்து உட்கார்ந்தாள் என்கிறார்கள். ஜப்பானில் கட்டிப்போட்டுவிட்டது என்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கணக்கின்படி நூற்றில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. மாணவர்களில் நூற்றுக்கு 28 பேர். ஹாஸ்டல்களில் பேய்க் கதை ஏன் இவ்வளவு விளைகிறது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

மல்லாந்து படுப்பது, தூக்கம் கெடுவது, மாறி மாறி வரும் நைட் ஷிப்ட், பரீட்சைக் காலம், பகலில் கண்ட நேரத்தில் தூங்குவது எல்லாம் இதைக் கூட்டும். நோட்டில் பாருங்கள். மணி பல சமயம் விடியற்காலை மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில் இருக்கும், ஏனென்றால் கனவுத் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும். "அந்த ரூம்லதான் வரும்" என்று சொன்னால் ஆளை மட்டும் மாற்றுங்கள். அங்கே படுப்பவர் வேறு அறைக்கு, வேறொருவர் அந்த அறைக்கு, ஒரு வாரம். அனுபவம் ஆளோடு போகிறதா, அறையோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அமுக்கும்போது முழுப் பலத்தோடு எழப் பார்த்தால் பயம்தான் கூடும். கால் கட்டைவிரலை மட்டும், அல்லது நாக்கை மட்டும் அசைக்க முயன்றால் கட்டு சீக்கிரம் அவிழ்வதாகப் பலர் சொல்கிறார்கள். ஒருக்களித்துப் படுங்கள். முதுகுப் பக்கம் தலையணை வைத்தால் தூக்கத்தில் மல்லாந்து திரும்ப மாட்டீர்கள். தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். தலைமாட்டில் இரும்பு வைக்கச் சொல்லும் பாட்டிகளோடு எனக்குச் சண்டையில்லை, பயம் குறைந்தால் தூக்கம் நன்றாக வரும். கத்தி வேண்டாம், சாவி போதும். இதோடு பகலிலும் சட்டென்று தூங்கி விழுவது, சிரித்தால் முழங்கால் மடங்கிப்போவது ஆகியவையும் இருந்தால் அது நார்கோலெப்சி என்ற நோயாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சத்தங்களுக்கு வருவோம். தகரக் கூரை பகல் வெயிலில் காய்ந்து சாயங்காலத்துக்குப் பிறகு குளிரும். ஆறு மீட்டர் நீளத் தகடு 30 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் சுருங்கும். ஆணியும் போல்ட்டும் அதைப் பிடித்துவைத்திருப்பதால் சீராகச் சுருங்காமல் தாவித் தாவிச் சுருங்கும். அந்தத் தாவல்தான் "டக்... டக்" என்று காலடி வைப்பதுபோல் கேட்கிறது. இருட்டிய பிறகு ஆரம்பித்து நேரம் ஆக ஆகக் குறையும், மேகமூட்டமான நாட்களில் வராது. நோட்டில் வெயில் மழை எழுதச் சொன்னது இதற்குத்தான். சுவருக்குள் "டொம்" என்ற ஒற்றை இடி வந்தால் குழாய். மோட்டார் நிற்கும்போது, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்ரிட்டர்ன் வால்வு அறைந்து மூடுவதும், ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்பதும் அந்தச் சத்தத்தைத் தரும். ஓர் இரவு மோட்டார் போடாமல் மேல்தொட்டியின் கேட் வால்வையும் மூடிவைத்துப் பாருங்கள். கதவு தானாகத் திறந்தால் நிலைக்கட்டில் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். சில மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலே கதவு தன் எடையால் நகரும். கீல் ஆணியை உருவி, சுத்தியலால் லேசாக வளைத்துத் திரும்ப அடித்தால் உராய்வு கூடி நின்றுவிடும். தச்சர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். கழிப்புக் கழிக்கப் பத்தாயிரம் கேட்பவரைவிட மலிவு.

ஓட்டு வீடு, பொய்க்கூரை போட்ட வீடு என்றால் விலங்குகள்தான். மரநாய் பகலெல்லாம் கூரையிடுக்கில் தூங்கிவிட்டு இரவில் நடக்கும். பூனையளவு கனமானது, அதனால் கூரைக்கு மேல் மனிதக் காலடி போலவே கேட்கும். அது போன இடத்தில் பாசுமதி வேகும் வாசம் வேறு வரும். ஆளில்லா வீட்டில் நள்ளிரவில் சோற்று வாசனை என்றால் யாருக்குத்தான் பயம் வராது! சாக்குருவி என்று ஊர் வெறுக்கும் கூகையின் குஞ்சுகள் பசித்தால் ஆள் குறட்டை விடுவதுபோல் மணிக்கணக்கில் சீறும். சுவருக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்பதில் கொஞ்சம் இதுதான். உறுதிசெய்யக் கோலப்பொடி. அரிசி மாவு வேண்டாம், எறும்பும் எலியும் மேய்ந்து தடயத்தைக் கெடுத்துவிடும். கல்மாவை மெல்லிய துணியில் கட்டி, மச்சுப் படியிலும் பரண் விளிம்பிலும் இரண்டடி அகலத்துக்கு ஒரே சீராகத் தட்டுங்கள். கனமாகக் கொட்டினால் தடம் சரிந்துவிடும், கீழே உள்ள தரை லேசாகத் தெரிய வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். காலையில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து விரலும் நகமும் தெரிந்தால் மரநாய் அல்லது கீரி. நான்கு விரல் மட்டும், நகமில்லை என்றால் பூனை. முன்னங்காலில் நான்கும் பின்னங்காலில் ஐந்துமாகச் சின்னத் தடம் என்றால் எலி. மரநாயும் கூகையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, விஷம் வைப்பது குற்றம். இரவு அது வெளியே போன நேரம் பார்த்து, உள்ளே குட்டி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஓட்டை வழியைக் கம்பிவலையால் அடைக்கலாம். வீட்டோரம் நிற்கும் மரக்கிளையை வெட்டுவது அதைவிட நல்லது.

விலங்குக்கும் கூரைக்கும் பொருந்தாதது கல்மழை. வீட்டின்மேல் கல் விழுகிறது, சில சமயம் துணி தானாகப் பற்றிக்கொள்கிறது. குட்டிச்சாத்தான் ஏவல் என்று ஊரே திரளும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராக இருந்த கோவூர் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போனால் வானத்தைப் பார்க்க மாட்டார், வீட்டுக்குள் யார் மனம் புழுங்குகிறார்கள் என்று பார்ப்பார். இன்றைக்கும் அதுதான் சரியான வழி. ஆனால் அதற்கு முன் ஒரு சின்ன வேலை. ராத்திரியில் மட்டும், ஒவ்வொன்றாக, ஒரே அளவில் விழுந்தால் எடுத்துப் பாருங்கள். பழந்தின்னி வௌவால்கள் வாதாம் பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து தின்றுவிட்டுக் கொட்டையைப் போடும். நிஜக் கல்தான் என்றால் முற்றத்திலும் தெருவோரத்திலும் கிடக்கும் கற்களில் யாருக்கும் தெரியாமல் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள், வெவ்வேறு மூலைக்கு வெவ்வேறு நிறம். அடுத்து விழும் கல்லில் புள்ளி இருந்தால் எந்த மூலையிலிருந்து எடுத்தது என்று தெரிந்துவிடும். கல் விழுந்த ஒவ்வொரு முறையும் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று நோட்டில் குறியுங்கள். எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்கும்போது ஒரு கல்லும் விழாது. ஒருவர் வெளியூர் போன நாட்களில் அறவே நின்றுபோனால் அதற்குமேல் சாட்சி தேட வேண்டியதில்லை.

அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டிலேயே குரல் இல்லாதவராக இருப்பார். படிப்பு நிறுத்தப்பட்ட பெண், அடி வாங்கும் பையன், வந்து சில மாதமே ஆன மருமகள். ஊரைக் கூட்டிக் "கண்டுபிடித்துவிட்டேன்" என்று அறிவித்தால் அந்த ஆளை என்ன பாடு படுத்துவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தனியே பேசுங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள், நிறுத்திக்கொள்ள வழிவிடுங்கள். கல் வெளியிலிருந்துதான் வருகிறது என்றால் அந்த மனையை அடிமாட்டு விலைக்குக் கேட்டவர் யார் என்று யோசித்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள். துணி எரிவதும் மனித வேலைதான். வெள்ளை பாஸ்பரஸ் 30 டிகிரி சூட்டிலேயே தானாகப் பற்றும், அதனால்தான் அதைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்துப் பாதுகாப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு வேறு தீக்குச்சி தேவையில்லை.

மந்திரவாதி ஏற்கெனவே வந்து போயிருந்தால் அவர் காட்டியதையும் விளக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் குடும்பம் உங்களை நம்பாது. எலுமிச்சையை அறுத்ததும் ரத்தம் என்றால், கத்தியில் முன்பே செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்திருப்பார். எலுமிச்சையின் புளிப்பு பட்டதும் சாறு சிவக்கும். வெறும் தண்ணீர் தெளித்ததும் தேங்காய் எரிந்தால் நாருக்குள் சோடியத் துண்டு. மண்ணைத் தோண்டித் தகடு எடுப்பது கைவித்தை. அதற்கு விளக்கமே வேண்டாம், ஒரு நிபந்தனை போதும்: மண்வெட்டி நம்முடையது, தோண்டுவது நாம், அவர் பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து இடத்தை மட்டும் சொல்லட்டும்.

கேமராவைப் பற்றி வாட்ஸப்பில் வரும் வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லத் தோன்றும். சிசிடிவியில் இரவில் மிதக்கும் வெள்ளை உருண்டை, லென்சிலிருந்து சில சென்டிமீட்டரில் பறக்கும் தூசியோ பூச்சியோ. லென்சைச் சுற்றியே அகச்சிவப்பு விளக்குகள் இருப்பதால் அது பளிச்சென்று ஒளிர்ந்து, குவியம் பிடிக்காமல் வட்டமாகத் தெரியும். புகைபோல் அசையும் வெள்ளைக் கீற்று சிலந்தி நூல். ஆள் நடந்துபோகிறார், அவருக்குள்ளே சுவர் தெரிகிறது என்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது. வெளிச்சம் போதாதபோது கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும். அந்த இடைவெளியில் பாதி நேரம் ஆள், பாதி நேரம் சுவர் பதிந்தால் கண்ணாடி மனிதர் கிடைப்பார். போனின் நைட் மோடு பல படங்களை ஒன்றாக அடுக்குவதால் அதிலும் இதே கூத்து. கேமராவின் சொந்த அகச்சிவப்பை அணைத்துவிட்டு, தனி விளக்கு ஒன்றை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் உருண்டைகள் ஏறக்குறைய மறைந்துவிடும்.

பேய் வேட்டைக் கருவிகளில் கே-2 என்ற மின்காந்த மீட்டர்தான் பிரபலம். அது பேயை உணர்வதாக எந்த ஆதாரமும் கிடையாது. 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரம், இன்வெர்ட்டர், அருகில் இருப்பவர் பையில் அழைப்பு வரும் செல்போன் ஆகியவற்றுக்கு அருமையாக எரியும். துப்பாக்கி வடிவ வெப்பமானி காற்றின் சூட்டை அளக்காது, எதிரே உள்ள பரப்பின் சூட்டைத்தான் அளக்கும். பளபளப்பான ஸ்டீல் பீரோவில் அடித்தால் தப்பாகக் காட்டும். அதைத்தான் "இங்கே மட்டும் சில்லென்று இருக்கிறது" என்கிறார்கள். ஆவி பேசும் பெட்டி, நிலையங்களை விடாமல் மாற்றிக்கொண்டே போகும் ஒரு ரேடியோ. கிடைக்கும் துண்டு ஒலிகளை நம் மூளை சொல்லாக்கிக்கொள்கிறது. என்ன கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லாமல் நான்கு பேருக்குத் தனித்தனியே போட்டுக்காட்டுங்கள், நான்கு வேறு வாக்கியம் வரும்.

படித்தவர்கள் விரும்பும் ஒரு விளக்கத்தையும் கொஞ்சம் தட்டிவைக்க வேண்டும். 1998இல் இங்கிலாந்தின் காவென்ட்ரியில் விக் டாண்டி என்ற பொறியாளர், ஆய்வகத்தில் தான் கண்ட சாம்பல் உருவத்துக்குப் புதிதாகப் பொருத்திய விசிறி எழுப்பிய, காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் காரணம் என்று எழுதினார். அழகான கதை, எல்லா அறிவியல் கட்டுரையிலும் வரும். ஆனால் 2009இல் வெளியான லண்டன் ஆய்வில் ஓர் அறையையே கட்டி, மறைவாக அந்த வகை அதிர்வையும் மின்காந்தப் புலத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு 79 பேரை அதற்குள் விட்டார்கள். பலருக்கு விசித்திர உணர்வுகள் வந்தன. ஆனால் கருவி ஓடியதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விசித்திரமாக ஏதாவது உணரலாம் என்று முன்பே சொல்லிவைத்தது மட்டுமே போதுமானதாக இருந்திருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. பேய் வீடு என்று பெயர் வைத்து ஆளை உள்ளே அனுப்பினால் மீதியை ஆள் பார்த்துக்கொள்வார்.

ஹாஸ்டலில் எழுத்துப் பலகைமேல் காசும் டம்ளரும் வைத்து ஆவியைக் கூப்பிடுவதும் இதுபோலத்தான். 1853இல் மைக்கேல் பாரடே, தானாக ஆடும் மேசையைச் சோதித்தார். கையும் மேசையும் தொடும் இடத்தில் அட்டைகளை அடுக்கி நடுவே இளகிய பசை வைத்தார். மேசை கையை இழுத்திருந்தால் அடி அட்டை முன்னே போயிருக்கும். மேல் அட்டைதான் முன்னே போயிருந்தது. கை தள்ளியிருக்கிறது, ஆளுக்கே தெரியாமல். நீங்களும் பார்க்கலாம்: விரல் வைத்த எல்லோருக்கும் கண்ணைக் கட்டி, பலகையை ஓசைப்படாமல் அரைச் சுற்றுத் திருப்பிவிடுங்கள். எழுத்து பழையபடி எங்கே இருந்ததோ அந்த வெற்றிடத்துக்குத்தான் காசு போகும்.

வீட்டுக்கு வருவது ஒன்று, ஆள்மேல் வருவது வேறு. இதில் நோட்டும் கோலப்பொடியும் உதவாது. கோயில் கொடையில் சாமி வந்து ஆடி, முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர் நோயாளி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டு ஆட்டத்தைத் தனியாகத்தான் வைக்கிறது. ஆனால் நேற்றுவரை நன்றாக இருந்த ஒருவர் சில நாட்களுக்குள் தூக்கமின்றி, சம்பந்தமில்லாமல் பேசி, வாயையும் கையையும் விசித்திரமாக அசைத்து, வலிப்பு வந்து, சிலைபோல் உறைந்தால் கோடாங்கியிடம் போக நேரமில்லை. 2007இல் ஹோசெப் டால்மாவ் குழுவினர் விவரித்த ஒரு மூளை அழற்சி நோய் அப்படியே இப்படித்தான் இருக்கும். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருகிறது, சிலருக்குச் சினைப்பைக் கட்டியோடு சேர்ந்து வருகிறது. முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சீக்கிரம் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் மீள்கிறார்கள், தள்ளிப்போனால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், வலிப்பு, நினைவு தப்புவது, சாப்பாடு தண்ணீர் இறங்காமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே நரம்பியல் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

கோயிலுக்கே போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆய்வாளர்கள் கவனித்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் மனநோய் அறிகுறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே அடி இல்லை, பேயோட்டும் சடங்கும் இல்லை. சொந்தக்காரர் ஒருவர் கூடவே இருக்கிறார், கோயில் வேலை கொஞ்சம், தொல்லையில்லாத இடம். இதற்கு நேர் எதிரானது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, தர்காவை ஒட்டியிருந்த தனியார் விடுதியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்திருக்கிறது. ஆகவே எந்த இடத்துக்குக் கூட்டிப்போனாலும் உள்ளே விடும் முன் மூன்றைக் கேளுங்கள்: கட்டுவீர்களா, அடிப்பீர்களா, டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அந்த வண்டியிலேயே திரும்பிவிடுங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.